பத்து நாள் பின்தங்கிய ஊர்

நகரசபையின் தீர்ப்பு மூன்றே வரிகளில் இருந்தது. நவம்பர் ஏழாம் நாள் காலையில் சூரியனின் முகத்தைப் புதன் கோள் கடந்து செல்வதை, சபையின்முன் உறுதிமொழி எடுத்த இருவர் கண்ணாரக் கண்டு, தேதியிட்டுக் கையொப்பமிட்டால், அணைகளை அளக்கும் லுப்பெர்ட் கிரோன் தம் வேலையையும் தொலைநோக்கியையும் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு காணப்படாவிடில், அளவுச் சங்கிலி வேறொருவர் கைக்குப் போகும். தொலைநோக்கி சபையின் கிடங்குக்குப் போகும்.

அறிவுள்ள சபை எதுவும் இப்படியொரு தீர்ப்பை எழுதாது. ஒருவர் அணையைச் சரியாக அளக்கிறாரா என்பதற்கும், புதன் சூரியனைக் கடக்கிறதா என்பதற்கும் என்ன தொடர்பு? ஆனால், வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகள் ஓடுவதை லுப்பெர்ட் மண் சுமக்கும் ஆட்களுக்குக் காட்டினார். அவர்கள் அதை மதுக்கடையில் பேசினார்கள். பேச்சு போதகர் சிப்ராண்டின் காதுக்கு எட்டியது.

"அந்தக் குழாயில எது வேணும்னாலும் தெரியும். கண்ணாடி தேச்சவன் கைரேகைகூட நிலாவாத் தெரியும்" என்று தேவாலய வாசலில் போதகர் கேலி செய்தார். லுப்பெர்ட்டுக்கு வாய் சற்று நீளம். "சரி போதகரய்யா, நாள் குறிச்சுச் சொல்றேன். அன்னிக்கு வந்து பாக்கத் துணிச்சல் இருக்கா?" என்று அத்தனை பேர் நடுவிலும் கேட்டுவிட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் அது சபையின் தீர்மானமாகிவிட்டது. உறுதிமொழி எடுத்த இருவரில் ஒருவர் போதகர். மற்றவன், ஊர் இலத்தீன் பள்ளியின் ஆசிரியனாகிய நான்.

அந்த நாளை லுப்பெர்ட்டுக்குத் தந்தது, ஹாலந்தின் லெய்டன் நகரிலிருந்து வந்த ஒரு கடிதம். எங்கள் ஊரில் பிறந்து, அங்கே ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வெஸல் என்பவர் அதை எழுதியிருந்தார். முந்தைய ஆண்டு மறைந்துவிட்ட கணிதர் ஒருவர் அச்சிட்ட அறிவிப்பிலிருந்து அதைப் படியெடுத்ததாகக் குறிப்பிட்டிருந்தார். 'நவம்பர் 7, 1631. விடியற்காலை முதல் முற்பகல் பத்தரை மணி வரை. கணக்கு முன்பின் ஆகலாம், கண் அயரவேண்டாம்.' இதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

அந்நாளில் பக்கத்து மாகாணமான ஹாலந்து முழுவதும் புதிய நாட்காட்டி வழங்கியது. எங்கள் உட்ரெக்ட் மாகாணத்திலோ, அந்த நாட்காட்டி நாங்கள் ஏற்காத போப்பாண்டவரிடமிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால், பழையதே நீடித்தது. ஆற்றங்கரை வழியே ஒரு மணி நேரம் மேற்கே நடந்தால் எல்லைக்கல்; கல்லைத் தாண்டினால் தேதி பத்து நாள் முன்னே போய்விடும். சந்தைக்குப் போகிறவர்கள் இதைக் தொப்பியைப் போடுவதுபோலவும் கழற்றுவதுபோலவும் எளிதாகச் செய்தார்கள். படித்த நாங்கள்தாம் கோட்டைவிட்டோம்.

தீர்ப்பு நாளுக்குப் பத்து நாள் இருந்தது. அக்டோபர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. மாட்டுச் சந்தைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. ஒத்திகை பார்க்கலாமென்று லுப்பெர்ட் அழைத்திருந்ததால், காலை ஏழரைக்கே அவருடைய மாடியறைக்குச் சென்றேன். சன்னற்கதவுகள் அடைக்கப்பட்டிருந்தன. ஒரு துளையின் வழியே தொலைநோக்கி வெளியே நீண்டிருந்தது. அதன் கடைக்கண்ணாடியிலிருந்து வந்த ஒளி, பலகையில் ஒட்டிய வெள்ளைத் தாளில் ஒரு சாண் அகல வட்டமாக விழுந்தது. சூரியனைக் கண்ணால் பார்த்தால் கண் போய்விடும். தாளில் விழ வைத்துப் பார்ப்பதே முறை.

வட்டத்துக்குள் கசகசா அளவில் ஒரு கரும்புள்ளி இருந்தது.

"கண்ணாடியில தூசி" என்றார் லுப்பெர்ட். நான் மான்தோலால் இரண்டு முறை துடைத்தேன். புள்ளி போகவில்லை.

"அப்ப சூரியன்லயே கறை. அது அப்பப்ப வரும், விடுங்க வாத்தியாரே. புதன் வர்றப்ப பாருங்க, பட்டாணி அளவுக்கு வந்து நிக்கும். சூரியன்ல பதினஞ்சுல ஒரு பங்குன்னு பெரியவங்க கணக்கு."

அந்தக் கணக்கை நானும் படித்திருந்தேன், நம்பினேன். தாளை நேராக்குவது, ஒளி நகர நகரக் குழாயைத் திருப்புவது, கடிகாரத்தைத் தேவாலய மணியோடு ஒத்துப் பார்ப்பது என்று ஒன்றரை மணி நேரம் பழகினோம். அந்த ஒன்றரை மணி நேரமும் புள்ளி எங்கள் கண்முன்னே இருந்தது.

ஒன்பது மணி அடித்தபோது மர்ரிக்யே மேலே வந்தாள். எல்லைக்கு அப்பாலிருந்து வெள்ளிதோறும் பாலாடைக்கட்டி கொண்டுவருபவள் அவள்.

"அளவுக்காரரே, கட்டியக் கீழ வச்சிருக்கேன். உங்க எலிங்க மோந்து பாக்கறதுக்குள்ள எடுத்து வைங்க." பிறகு தாளைப் பார்த்தாள். "அட, சூரியன வீட்டுக்குள்ள நாய் மாதிரி கட்டிப் போட்டிருக்கீங்களே! குலைக்காதா?"

"குலைச்சா உன்னைப் பாத்துத்தான் குலைக்கும்" என்றார் லுப்பெர்ட்.

"அடுத்த வாரம் என்னைத் தேடாதீங்க, இப்பவே சொல்லிட்டேன். செவ்வாக்கெழம புனித மார்ட்டின் திருநாள். ஏழு வாத்து அறுக்கணும், ரெண்டு மருமகளுங்களும் ஆளுக்கொரு மூலையில ஒக்காந்துக்குவாளுங்க."

"உங்க ஊரு மார்ட்டினுக்கு எப்பவும் அவசரம். எங்க மார்ட்டினோட குதிரைக்கு இன்னும் லாடமே அடிக்கல. ரெண்டு வாரம் கெடக்கு."

"எனக்கென்ன, ரெண்டு வாரம் கழிச்சு வந்து உங்க வாத்தையும் திம்பேன். எல்லையில பொறந்தவளுக்கு வருசத்துக்கு ரெண்டு வாத்து!"

லுப்பெர்ட் சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண்கள் மட்டும் நின்றுவிட்டன.

"மர்ரிக்யே, இன்னிக்கு உங்க ஊர்ல என்ன தேதி?"

"ஏழு. நவம்பர் ஏழு. ஏன், மூஞ்சி ஏன் சுண்ணாம்பாயிருச்சு?"

அவர் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தார். மேல் மூலையில் வெஸல் வழக்கம்போல, 'செப்டம்பர் 12, நம் கணக்கு' என்று எழுதியிருந்தார். ஹாலந்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும், எங்களுக்கு எழுதும்போதெல்லாம் பத்து நாளைக் கழித்தே தேதியிடும் பற்றுள்ள மனிதர் அவர்.

"நம்மாளு எழுதினா நம்ம தேதிதான்னு நெனச்சிட்டேன்" என்றார் லுப்பெர்ட். "கடிதத்துக்கு நம்ம தேதி போட்டிருக்கான். உள்ள இருக்கறத அச்சுல பாத்து அப்படியே எழுதிட்டான். அச்சடிச்சவன் தேதி அது. ஏழுன்னா இன்னிக்கு, வாத்தியாரே. இன்னிக்குத்தான்."

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் தாளைப் பார்த்தோம். பட்டாணி இல்லை. கசகசாதான் இருந்தது. ஆனால் ஏழரை மணிக்கு அது இருந்த இடம் வேறு. இப்போது வட்டத்தின் விளிம்பை நோக்கி வெகுதூரம் வந்திருந்தது. சூரியனில் தோன்றும் கறை, ஒரு பகலில் ஒரு விரற்கடை நகர்ந்தாலே அதிகம்.

லுப்பெர்ட் தம் சட்டைக் கழுத்திலிருந்த ஊசியை உருவி, புள்ளியின்மேல் குத்தினார்.

"பத்தரைக்குப் போயிடும். போதகர் வரணும், வாத்தியாரே. உங்க கையெழுத்து ஒண்ணு போதாது. ஓடுங்க!"

ஓடினேன். மர்ரிக்யேயும் கம்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். சந்தைக்கு வந்த காளைகள் பாலத்தை அடைத்து நின்றன. ஓட்டிவந்தவர்கள் நடுப்பாலத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மரியாதையாக வழி கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மர்ரிக்யே முதற்காளையின் தொடையில் ஒன்று வைத்தாள். "தள்ளிப் போங்கடா! வாத்தியாருக்கு வயித்தால போகுது!" என்று கத்தினாள். வழி உடனே பிறந்தது. என் முப்பத்தோராண்டுப் பணிக்காலத்தில் இவ்வூரார் எனக்கு அவ்வளவு விரைந்து வழிவிட்டது அந்த ஒரு முறைதான்.

போதகர் அடுக்களையில் மோர்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கு என்ன தேதி, வாத்தியாரே? பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்கறவர்தானே நீங்க?"

"இருபத்தெட்டு, போதகரய்யா."

"ஏழாம் தேதின்னு ஊரக் கூட்டிச் சத்தியம் பண்ணினவன், இருபத்தெட்டாம் தேதி கூப்பிடறான். ஏழாம் தேதி வானம் காலியா இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. நழுவறான்."

விளக்கினால் புரிந்துகொள்ளக்கூடியவர்தான். ஆனால் விளக்க நேரமில்லை, மணி ஒன்பதரை.

"நழுவறாருன்னா, வந்து கையும் களவுமாப் பிடிங்க" என்றேன்.

கரண்டி கீழே வந்தது. காலணிக்குள் காலை நுழைத்தபடியே எழுந்தார்.

திரும்பி வரும்போது வெளிச்சம் மங்குவதை உணர்ந்தேன். மேற்கேயிருந்து மேகம், உழுத நிலம்போல் வரிவரியாக வந்துகொண்டிருந்தது. நாங்கள் மாடியேறியபோது தாளில் வட்டமே இல்லை. லுப்பெர்ட் மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டு, குழாயை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா உன் புதன்?" என்றார் போதகர்.

"மேகத்துக்குப் பின்னால, ஐயா."

"நல்ல எடம். அங்க எதை வேணும்னாலும் வைக்கலாம்."

பத்து மணி அடித்தது. போதகர் கரிக்கூடையின்மேல் அமர்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். மர்ரிக்யே வாசற்படியில் நின்றாள். தாள் வெறுமையாக இருந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் ஒரு மேகத்தின் அகலத்தில் அடங்கிவிட்டதை நான் அன்றுதான் கண்டேன். கால்மணி அடித்தது. போதகர் எழுந்தார்.

"கஞ்சி ஆறிப்போச்சு. நான்..."

"ஐயா, ஒக்காருங்க!" என்று லுப்பெர்ட் கத்தினார். ஊரில் எவரும் போதகரிடம் அப்படிக் கத்தியதில்லை. வியப்பினாலேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தாளில் வட்டம் வந்தது. முதலில் பால்போல, பிறகு கூர்மையாக. லுப்பெர்ட் தாளை நகர்த்தி, பழைய ஊசித்துளை சூரியனில் அதே இடத்தில் விழும்படி பொருத்தினார். புள்ளி துளையில் இல்லை. அதைவிட்டு இரண்டு விரல் அகலம் விலகி, விளிம்பை நெருங்கியிருந்தது. லுப்பெர்ட் இரண்டாவது துளையைக் குத்தினார்.

போதகர் குனிந்தார். "இதுவா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஈ எச்சம்!" விரலை எச்சிலில் நனைத்துத் தாளின்மேல் அழுத்தித் தேய்த்தார். புள்ளி தாளில் இல்லை. அவருடைய நகத்தின்மேல் இருந்தது. கையை இழுத்தார், புள்ளி தாளுக்குத் திரும்பியது. கையை மீண்டும் நீட்டினார். மீண்டும் நகத்தின்மேல் வந்து அமர்ந்தது. குழாயைத் தம் கையாலேயே சுழற்றிப் பார்த்தார். வட்டத்தில் புள்ளியின் இடம் மாறவில்லை. வேறு தாள் கேட்டார், தந்தோம், அதிலும் இருந்தது. பழைய தாளை மறுபடி பொருத்தினோம். அவர் மூடர் அல்லர் என்பதை நான் இங்கே எழுதியாக வேண்டும். ஒழுங்காக ஐயப்படுவது எப்படியென்று அறிந்தவர்.

பத்தரை அடித்துச் சில நிமிடங்களில் புள்ளி விளிம்பைத் தொட்டது. தொட்ட இடத்தில் சூரியனின் ஓரம் எலி கடித்ததுபோல் இருந்தது.

"கொறையுது" என்றார் போதகர், தமக்குத்தாமே. பிறகு, "போயிடுச்சு."

லுப்பெர்ட் மூன்றாவது துளையைக் குத்தினார்.

மர்ரிக்யே வாசற்படியிலிருந்து சொன்னாள்: "அவ்வளவுதானா? நான் சூரியன் வெடிக்கும்னு நெனச்சேன்."

"பாத்தேன்" என்றார் போதகர். "கண்ணால பாத்தேன். இல்லன்னு சொல்லமாட்டேன். எழுது லுப்பெர்ட், கையெழுத்துப் போடறேன்."

லுப்பெர்ட் வட்டத்தின் கீழே நான்கு வரி எழுதி, தேதிக்கு இடம் விட்டுத் தாளை நீட்டினார். போதகர் இறகை மையில் தோய்த்து, 'அக்டோபர் 28' என்று எழுதத் தொடங்கினார்.

"ஐயா!" லுப்பெர்ட் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "தீர்ப்புல ஏழாம் தேதின்னு இருக்கு. ரெண்டு தேதியும் போடுங்க. மேல நம்மது, கீழ அவங்களது. வியாபாரிங்க போடறாங்களே, அந்த மாதிரி."

"வியாபாரி போடலாம். போப்போட தேதிய நான் போட்டா, பிரசங்க மேடையில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? பொய் சொல்லலியே நான். பாத்தேன்னு எழுதறேன். பாத்தது இன்னிக்கு. இன்னிக்கு இருபத்தெட்டு. கைய விடு."

எழுதி முடித்துக் கையொப்பமிட்டார். இறகு என்னிடம் வந்தது.

"வாத்தியார் போடுவாரு" என்றார் லுப்பெர்ட். "ஒருத்தர் போட்டாப் போதும். ஒரு கோடு, கீழ ஏழு. அவ்வளவுதான் வாத்தியாரே."

"போடட்டுமே" என்றார் போதகர். குரலில் கோபமே இல்லை. "மார்ட்டின் நாள் தேவாலய மூப்பர் கூட்டத்துல அதையும் படிச்சுக் காட்டுவோம். அவர் பதவிய அன்னிக்குத்தானே புதுப்பிக்கறோம்."

லுப்பெர்ட் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை; நான் செய்வேன் என்றே நம்பினார். மாணவர்களின் பொய்க்காக முப்பது பிரம்புகளை முறித்தவன் நான். இறகை எடுத்தேன். போதகரின் தேதிக்குக் கீழே கோடு போடவில்லை. என் பெயரை மட்டும் எழுதினேன்.

"என்கிட்ட குடுங்க அந்தக் கோழி எறக" என்றாள் மர்ரிக்யே. "நான் ஏழுன்னு போடறேன்."

"உனக்கு எழுதத் தெரியுமா?" என்றார் போதகர்.

"சிலுவை போடத் தெரியும். எங்க ஊர்ல சிலுவைக்கும் தேதி உண்டு."

"நீ உறுதிமொழி எடுத்தவ இல்ல."

"எடுத்தவங்க கிழிச்சதத்தான் பாத்தேனே" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

எங்கள் நவம்பர் ஏழாம் நாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நாற்பத்துமூன்று பேர் அந்த மாடிக்கு ஏறி இறங்கினார்கள். தாளில் சூரியன் ஒரு மாசும் இல்லாமல் விழுந்தது. லுப்பெர்ட் காலை முதல் நண்பகல்வரை குழாயின் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். பிற்பகலில் சபை கூடியது. லுப்பெர்ட் நடந்த பிழையைச் சொல்லித் தாளை வைத்தார். எனக்கு வியப்பூட்டும் வகையில் போதகர் எழுந்து, "நான் பாத்தேன், அது உண்மை" என்றார்.

"யார் இல்லன்னாங்க, போதகரய்யா?" என்றார் சபைத் தலைவர். "பாத்திருப்பீங்க. ஆனா தீர்ப்பு ஏழாம் தேதிக்கு. நீங்க எதையோ பாத்தது இருபத்தெட்டாம் தேதின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வாத்தியாரும் ஒத்துக்கிட்டிருக்காரு. தேதி விசயத்துல வாத்தியாரவிடக் கண்டிப்பானவர் இந்த ஊர்ல யாரு?"

போதகர் உட்கார்ந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சபையின் சன்னலைப் பார்த்தேன்.

தொலைநோக்கி அன்று மாலையே கிடங்குக்குப் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை, எங்கள் மார்ட்டின் நாளன்று, மர்ரிக்யேயின் வண்டியில் லுப்பெர்ட் ஹாலந்துக்குப் புறப்பட்டார். நான் பாலத்தருகே நின்றேன். என்னைத் திட்டுவாரென்று எதிர்பார்த்தேன். "எல்லையத் தாண்டினா எனக்குப் பத்து நாள் போயிடும், வாத்தியாரே" என்றார். "இந்த ஊர்ல போனத விடக் கம்மிதான்." சபைக்குப் பயன்படாதென்று திருப்பித் தந்த தாளை, நான்காக மடித்து என் கையில் வைத்தார். "நீங்க வச்சிக்கோங்க. உங்க கையெழுத்து."

அன்று பிற்பகல் மூப்பர் கூட்டம் என் பதவியை ஒருமனதாகப் புதுப்பித்தது.

இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற ஆண்டோடு என் பணி முடிந்தது. எங்கள் ஊர் இன்னும் பத்து நாள் பின்தங்கியே இருக்கிறது. அதில் பெருமையும் கொள்கிறது. தீயணைக்கும் தோல் வாளிகளுக்குப் பின்னால் அந்தக் குழாய் இன்னும் கிடக்கிறதென்று அறிந்து, சென்ற வாரம் சபை எழுத்தரிடம் சென்றேன். உரியவரிடம், அல்லது அவருடைய மக்களிடம், அதைத் திருப்பித் தரவேண்டும் என்றேன்.

"தீர்ப்பு தப்புன்னு சொல்றீங்களா? ஆதாரம் இருக்கா வாத்தியாரய்யா?" என்றான் எழுத்தன். என்னிடம் படித்தவன்தான்.

இன்று காலை தாளை விரித்தேன். சன்னலுக்கு நேரே பிடித்தால் மூன்று துளைகளிலும் வெளிச்சம் வருகிறது. மேசைமேல் வைத்து, 'அக்டோபர் 28' என்பதன் கீழே ஒரு கோடு போட்டேன். கோட்டின் கீழே 'நவம்பர் 7' என்று எழுதினேன். பக்கத்தில், எந்த ஆண்டு, எந்த நாளில், யாரால், எத்தனை ஆண்டுகள் கழித்து இது சேர்க்கப்பட்டது என்பதையும் எழுதி, மீண்டும் ஒருமுறை கையொப்பமிட்டேன்.

நாளை சபை கூடுகிறது. முதல் ஆளாகப் போய் நிற்பேன்.